பச்சை காட்டிய சுவிட்ச்

காலை ஒன்பதே காலுக்கு தாவணகெரேயிலிருந்து போன் வந்தது. கிளை அலுவலகத்தில் மேசைக்கு மேசை புது ஐபி போன் வைத்துக்கொண்டிருந்தவர், ஒன்றிலும் டோன் வரவில்லை என்றார். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் தம்பி இரவு ஷிப்ட் முடிந்தும் கிளம்பாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திரையை என் பக்கம் திருப்பினான். "அண்ணா, ரிப்போர்ட்ல பச்சைதான் காட்டுது. அறுபதும் ஓகே."

பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில் எங்கள் அலுவலகம். ஒரு வாடிக்கையாளரின் 60 கிளைகளில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறோம். முந்தைய இரவு வேலை இதுதான்: ஒவ்வொரு சுவிட்சிலும் போன்களுக்கென்று தனி வீலான் (சுவிட்சுக்குள்ளேயே பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) ஒன்றை உருவாக்க வேண்டும், சுவிட்சின் நிர்வாக முகவரியையும் மாற்ற வேண்டும். மொத்தம் 12 கட்டளைகள். முகவரியை மாற்றும்போது சாதாரண நெட்வொர்க் வழியே உள்ளே போனால், கட்டளை பாதியில் இருக்கும்போதே நம் இணைப்பு அறுந்துவிடும். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற கதை. அதனால் கன்சோல் வழியாகப் போனோம்.

கன்சோல் என்பது சுவிட்சின் வாசல்களில் கடைசியாகச் சாத்தப்படும் வாசல். நெட்வொர்க் முழுக்கச் செத்துப்போனாலும் அது திறந்திருக்கும். பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளை, அதில் பெரும்பாலும் ஒரு வெளிர்நீலத் தட்டைக் கேபிள். ஒரு காலத்தில் இன்ஜினியர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அதில் செருகுவார். இப்போது ஒவ்வொரு கிளையிலும் கன்சோல் சர்வர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. அதற்குத் தனி 4ஜி சிம். அந்தப் பெட்டியைக் கூப்பிட்டால் அது கேபிளைப் பேச வைக்கும். பேசுவது மனிதன் அல்ல, ஸ்கிரிப்ட். இரவு ஒரு மணிக்கு ஓட விட்டோம், இரண்டு மணிக்குள் அறுபதும் பச்சை.

தம்பி தாவணகெரே சுவிட்சில் கையால் லாகின் செய்து பார்த்தான். வீலான் இல்லை. முகவரி பழையபடியே. 12 கட்டளைகளில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

"கையால அடிச்சா போகுது அண்ணா. ஸ்கிரிப்ட்தான் பொய் சொல்லுது."

இந்தத் தொழிலில் இருபது வருடமாக இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்கிறேன். முதல் வாக்கியம் எப்போதும் உண்மை. இரண்டாவது அநேகமாக எப்போதும் தவறு. ஸ்கிரிப்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதன் கண்ணுக்குத் தெரிந்ததை அது சொன்னது. அதன் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று பார்ப்பதுதான் எங்கள் அன்றைய காலை வேலை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

* * *

தூரத்துக் கம்ப்யூட்டரில் லாகின் செய்ய மனிதர்கள் முதன்முதலில் முயன்றபோதே அது தோற்றுப்போனது. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி க்ளைன் என்ற மாணவர், ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழைய 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அடித்தார். எல் போய்ச் சேர்ந்தது. ஓ போய்ச் சேர்ந்தது. மூன்றாவது எழுத்தில் மறுமுனை படுத்துவிட்டது. வேகமான புது வழியில் மறுமுனை ஒரே வீச்சில் எழுத்துகளை அனுப்பியது, அவற்றைப் பிடித்துவைக்கும் இடம் போதவில்லை. இடத்தைக் கூட்டிவிட்டு அன்றிரவே மறுபடி முயன்று இணைத்தார்கள். இன்றைய இணையத்தின் தாயான ஆர்ப்பாநெட்டில் போன முதல் செய்தி அந்த இரண்டு எழுத்துகள்தான்.

அதே ஆண்டிலேயே டெல்நெட் என்ற யோசனை எழுதிவைக்கப்பட்டது. 1983-இல் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. டெல்நெட் செய்வதெல்லாம், தூரத்துக் கம்ப்யூட்டருக்கு, 'உன் முன்னால் ஒரு டைப்ரைட்டரும் ஒரு மனிதனும் இருக்கிறார்கள்' என்ற எண்ணத்தை உண்டாக்குவது. எழுத்து போகிறது, எழுத்து வருகிறது. வரும் எழுத்துகளில் எது கேள்வி, எது பதில், எது அறிவிப்பு, எது அலங்காரம் என்று பிரித்துச் சொல்லும் குறி எதுவும் அதில் கிடையாது. தேவையும் இருக்கவில்லை. பிரித்தறியத்தான் எதிரில் மனிதன் இருக்கிறானே.

சுவிட்சில் லாகின் செய்யும்போது நம் கண் என்னவெல்லாம் செய்கிறது என்று ஒருமுறை மெதுவாக யோசித்துப் பாருங்கள். எச்சரிக்கை வாசகம் ஓடுகிறது, அதைப் படிக்காமலே தாண்டுகிறோம். 'யூசர்நேம்' என்று வந்து கர்சர் நின்றதும் அடிக்கிறோம். 'பாஸ்வேர்ட்' வந்ததும் அடிக்கிறோம், அடித்தது திரையில் தெரியாதது நமக்குப் பழக்கம். பிறகு சுவிட்சின் பெயரும் அதை ஒட்டி # என்ற குறியும் வந்து நிற்கின்றன. அதுதான் பிராம்ப்ட். 'சொல்லு, காத்திருக்கிறேன்' என்று அதற்குப் பொருள். நடுவில் ஏதோ ஒரு போர்ட் விழுந்து எழுந்த செய்தி குறுக்கே வந்து பிராம்ப்டை நாசம் செய்தாலும் நாம் குழம்புவதில்லை, ஒருமுறை என்டர் தட்டுகிறோம். பட்டியல் நீண்டு அடியில் 'மோர்' என்று நின்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறோம். இவ்வளவையும் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் செய்கிறோம்.

அந்த நினைப்பில்லாத வேலைகளில் எதை எழுதாமல் விட்டாலும் ஸ்கிரிப்ட் அங்கே விழும்.

1990-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டில் இருந்த டான் லீபஸ் இதற்கு ஒரு கருவி செய்தார். பெயர் எக்ஸ்பெக்ட். 'எதிர்பார்' என்று அர்த்தம். இன்ன எழுத்துகள் வரும் என்று எதிர்பார், வந்ததும் இன்னதை அனுப்பு. இந்த இரண்டே வினைகளை மாற்றி மாற்றி அடுக்கினால் உரையாடல் ஆகிவிடும். அதற்குள் இருந்த நுட்பம் அழகானது. பாஸ்வேர்ட் கேட்கும் நிரல்கள் எதிரில் உண்மையான டெர்மினல் இருக்கிறதா என்று பார்க்கும், குழாய் வழியே பாஸ்வேர்டை ஊற்றினால் வாங்காது. எக்ஸ்பெக்ட் ஒரு போலி டெர்மினலை உருவாக்கி அதற்குள் நிரலை உட்கார வைத்தது. நிரல் மனிதனோடு பேசுவதாகவே நம்பியது. இன்று பைத்தானில் எழுதுகிறவர்கள் வேறு நூலகங்களைப் பயன்படுத்தினாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது அந்த எதிர்பார்-அனுப்புதான்.

* * *

தாவணகெரேக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் பச்சைக் கட்டங்களுக்குப் பக்கத்தில், யாரும் பார்க்காத ஒரு பத்தி உண்டு: ஒவ்வொரு சுவிட்சுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பது. ஷிவமொக்கா 41 விநாடி. ஹாசன் 38. பெல்லாரி 44. தாவணகெரே, இணைப்பு கிடைத்த பிறகு, அரை விநாடிகூட இல்லை.

"தம்பி, இது எப்படி முடியும்?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தூக்கம் போய்விட்டது.

கன்சோல் கேபிளின் வேகம் பெரும்பாலும் 9600. அதாவது விநாடிக்கு 9600 பிட். ஒரு எழுத்துக்கு 8 பிட், அதற்கு முன்னால் 'தொடங்குகிறது' என்று ஒரு பிட், பின்னால் 'முடிந்தது' என்று ஒரு பிட். ஆக எழுத்துக்கு 10 பிட், விநாடிக்கு 960 எழுத்து. 12 கட்டளைகள் போக வேண்டும், ஒவ்வொன்றையும் சுவிட்ச் திரும்ப எதிரொலிக்க வேண்டும், பிராம்ப்ட் தர வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் நினைவகத்தில் எழுத வேண்டும். அரை விநாடியில் இது நடக்காது. நடக்காத வேலைக்கு ஸ்கிரிப்ட் எப்படிப் பச்சை கொடுத்தது?

கன்சோலில் வந்த ஒவ்வொரு எழுத்தையும், போன ஒவ்வொரு எழுத்தையும், வந்த நேரத்தோடு கோப்பில் எழுதச் சொல்லும் வசதி எல்லா நூலகத்திலும் உண்டு. அதைப் போட்டு மறுபடி ஓட்டினோம். தொங்கும் ஸ்கிரிப்ட், பொய் சொல்லும் ஸ்கிரிப்ட், சில நாள் ஓடிச் சில நாள் ஓடாத ஸ்கிரிப்ட் எதுவானாலும் நான் முதலில் செய்வது இதுதான். டைம்அவுட்டைக் கூட்டிப் பார்ப்பது, நடுவில் ஐந்து விநாடி தூங்க வைப்பது எல்லாம் பிறகு. முதலில் வந்ததைப் பார்க்க வேண்டும், திரையில் தெரிவதை அல்ல. திரை என்பது மனிதனுக்காகச் சுத்தம் செய்து காட்டப்படுவது. என்டர் எந்த இடத்தில் ஒன்றாக வந்தது, எங்கே இரண்டாக வந்தது, நிறம் மாற்றும் மறை எழுத்துகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதெல்லாம் கோப்பில்தான் தெரியும்.

கோப்பின் தொடக்கம் இப்படி இருந்தது. ஸ்கிரிப்ட் ஒரு என்டர் அனுப்பியிருக்கிறது. பதிலாக சுவிட்ச் ஒரு வரியை அனுப்பத் தொடங்கியிருக்கிறது:

############################################################

இப்படி 60 ஹேஷ். அதற்குக் கீழே, அனுமதி இல்லாதவர்கள் நுழையக்கூடாது என்ற எச்சரிக்கை. அதற்குக் கீழே இன்னொரு 60 ஹேஷ். பாதுகாப்புத் தணிக்கைக்காக ஒரு வாரத்துக்கு முன் யாரோ அழகாக வேலி கட்டி வைத்த பேனர். மற்ற 59 சுவிட்சுகளில் அது இன்னும் ஏறவில்லை.

எங்கள் ஸ்கிரிப்ட் என்டர் தட்டிவிட்டு இரண்டில் ஒன்றை எதிர்பார்த்து நின்றது. 'யூசர்நேம்' வந்தால் லாகின் செய். நேராக # வந்தால், ஏற்கெனவே யாரோ லாகின் செய்துவிட்டு வெளியேறாமல் போயிருக்கிறார்கள் என்று பொருள், கட்டளைக்குப் போ. கன்சோலில் இது நியாயமான ஏற்பாடு. நெட்வொர்க் இணைப்பை மூடினால் எல்லாம் அழிந்துவிடும், கன்சோலில் முந்தின ஆள் விட்ட இடத்தில் அடுத்த ஆள் போய் நிற்பான். ஆனால் தாவணகெரேயில் முதலில் வந்து சேர்ந்த # பேனரின் வேலி. ஸ்கிரிப்டுக்கு அது பிராம்ப்ட். 'உள்ளே இருக்கிறோம்' என்று முடிவு செய்து முதல் கட்டளையை அனுப்பியது. அனுப்பிவிட்டு அடுத்த #-ஐ எதிர்பார்த்தது. அடுத்த # ஒரு மில்லி விநாடியில் வந்தது. அது வேலியின் இரண்டாவது குச்சி. இரண்டாவது கட்டளை. மூன்றாவது குச்சி. மூன்றாவது கட்டளை.

பிராம்ப்டாகத் தெரிந்த முதல் ஹேஷ் போக, 12 கட்டளைக்கும் 12 ஹேஷ் கிடைத்தது. இன்னும் 47 மிச்சம் இருந்தது, ஒரே வரியில்.

கட்டளையில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கவும் ஸ்கிரிப்டில் வழி வைத்திருந்தோம். ஒரு #-க்கும் அடுத்த #-க்கும் நடுவே வரும் எழுத்துகளில் 'தவறான உள்ளீடு' என்ற செய்தி இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு குச்சிகளுக்கு நடுவே எதுவும் இல்லை. பிழை இல்லை. பச்சை.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு காட்சி. பேனர் ஓடி முடிந்து சுவிட்ச் மரியாதையாக 'யூசர்நேம்' கேட்கிறது. அதன் வாசலில் ஏற்கெனவே குவிந்து கிடந்த எழுத்துகளிலிருந்து முதல் வரியை எடுத்துக்கொள்கிறது: டெர்மினல் லெங்த் 0. பிறகு 'பாஸ்வேர்ட்' கேட்கிறது. குவியலின் அடுத்த வரி: கன்ஃபிகர் டெர்மினல். லாகின் செல்லாது என்கிறது. மறுபடி பெயர் கேட்கிறது, வீலான் எண் பெயராகப் போகிறது. தம்பி அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தான். அவன் எழுதிய கட்டளைகள் ஒவ்வொன்றும் தப்பான கேள்விக்குச் சரியான ஒழுங்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

* * *

பிராம்ப்டை அடையாளம் காண்பதுதான் இந்தத் துறையின் மையச் சிக்கல் என்று நான் நம்புகிறேன். மற்ற கோளாறுகளில் பாதி அதன் உறவுக்காரர்கள்.

# என்று மட்டும் எதிர்பார்க்காமல் சுவிட்சின் பெயரோடு சேர்த்து, வரியின் தொடக்கத்தில் பெயர், உடனே #, அதற்குப் பின் ஒன்றுமே இல்லை என்று எதிர்பார்ப்பது நல்ல வழி. நாங்கள் அன்றே அப்படி மாற்றினோம். மாற்றியதும் வேறு நான்கு கிளைகளில் ஸ்கிரிப்ட் தொங்கியது. ஊர், கிளை, மாடி, எண் என்று எல்லாவற்றையும் சேர்த்து நீளப் பெயர் வைத்த சுவிட்சுகள் அவை. கட்டமைப்பு நிலைக்குள் போனதும் சுவிட்ச் தன் பெயரைச் சுமார் 20 எழுத்தளவுக்குள் வெட்டிக் காட்டும். நாங்கள் முழுப் பெயருக்குக் காத்திருந்தோம், அது வரவே வராது. பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தளர்த்திய பிறகு சரியானது.

'மோர்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளே போனதும் முதல் கட்டளையாக டெர்மினல் லெங்த் 0 கொடுத்தால், 'என் திரைக்கு நீளமே கிடையாது, நிறுத்தாமல் கொட்டு' என்று ஆகிவிடும். குறுக்கே வரும் போர்ட் செய்திகளையும் ஸ்கிரிப்ட் வேலை முடியும்வரை கன்சோலில் நிறுத்திவைக்கலாம். கன்சோலில்தான் அந்தத் தொல்லை அதிகம், எல்லாச் செய்தியும் இயல்பாக அங்கேதான் வந்து விழும்.

என்டர் என்பது ஒரு எழுத்தா இரண்டா என்ற கேள்விக்கு அதைவிட வலி அதிகம். டைப்ரைட்டர் காலத்தில் வண்டியை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது ஒரு செயல், காகிதத்தை ஒரு வரி ஏற்றுவது இன்னொரு செயல். இரண்டுக்கும் இரண்டு குறி. டெல்நெட்டில் இன்றும் அந்தச் சோடி உயிரோடு இருக்கிறது. ஸ்கிரிப்ட் இரண்டையும் அனுப்பி, மறுமுனை முதல் குறியையே என்டராக எடுத்துக்கொண்டால் இரண்டாவது குறி இன்னொரு என்டர் ஆகிவிடும். யூசர்நேமுக்குப் பிறகு வந்த அந்த வெற்று என்டர், பாஸ்வேர்ட் கேள்விக்குப் பதிலாகப் போய் விழும். 'பாஸ்வேர்ட் சரியாத்தான் இருக்கு, ஆனா தப்புங்குது' என்று ஒருவர் வந்தால் நான் இதையும் பார்ப்பேன்.

இவற்றிலெல்லாம் எனக்குப் பயம் குறைவு. பிழை தெரிந்துவிடும். நான் பயப்படுவது எழுத்து தொலைவதற்கு. 30,000 எழுத்துள்ள ஒரு முழுக் கட்டமைப்பைக் கன்சோலில் கொட்டுகிறோம் என்று வையுங்கள். 960-ஆல் வகுத்தால் 31 விநாடிக்கு மேல். கேபிளுக்கு அது சாதாரணம். ஆனால் சுவிட்ச் ஒவ்வொரு வரியையும் வாங்கி, புரிந்துகொண்டு, செய்துமுடிக்க வேண்டும். சில வரிகள் கண்ணிமைக்கும் நேரம், சில வரிகளுக்கு இரண்டு மூன்று விநாடி. அந்த விநாடிகளில் வந்து சேரும் எழுத்துகள் ஒரு சின்னத் தொட்டியில் நிற்கும். தொட்டி நிறைந்தால் மிச்சம் தரையில் போகும். நிறுத்து, போ என்று சொல்லும் ஏற்பாடு பல கன்சோல்களில் இயல்பாக இயங்குவதில்லை. க்ளைனின் மூன்றாவது எழுத்தில் நடந்ததும் இடம் போதாமைதான். ஒரு சொல் பாதியாகப் போனால் சுவிட்ச் புரியவில்லை என்று சொல்லிவிடும், நல்லது. வீலான் 120 என்பதில் கடைசிச் சுழி மட்டும் தொலைந்தால்? 12 என்பதும் செல்லுபடியாகும் எண்தான். சுவிட்ச் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். அதனால் கன்சோலில் மொத்தமாகக் கொட்டக்கூடாது. ஒரு வரி, பிராம்ப்ட், அடுத்த வரி. முடிந்ததும் சுவிட்சிடமே முழுக் கட்டமைப்பைத் திரும்பக் கேட்டு, நாம் அனுப்பியதோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

காத்திருப்பதிலும் ஒரு குழி உண்டு. எக்ஸ்பெக்ட்டில் எதிர்பார்ப்பின் இயல்பான கெடு 10 விநாடி. கெடு தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதாவிட்டால், அது பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் வராத கேள்விக்கு மேல் அடுத்த கட்டளை. பைத்தானின் பிஎக்ஸ்பெக்ட் இந்த இடத்தில் கத்தி நின்றுவிடும், அது மேல். கெடு தாண்டும்போது அதுவரை வந்து சேர்ந்த எழுத்துகளைக் கோப்பில் எழுதிவிட்டு நிற்கும்படி செய்தால் கோளாறு தன் முகவரியோடு வரும். நடுவே 'ஐந்து விநாடி தூங்கு' என்று எழுதிவைப்பவர்களிடம் ஒன்று கேட்பேன்: அந்த ஐந்தை யார் சொன்னது? அலுவலகத்தில் ஒரு விநாடியில் பதில் தரும் சுவிட்ச், மழை நாளில் பலவீனமான 4ஜி சிக்னலுக்குப் பின்னால் ஏழு விநாடி எடுக்கும்.

எஸ்எஸ்எச் இந்தக் கதையில் தனிக் கிளை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதால் 1995-இல் டாட்டு யலோனென் அதை எழுதினார். டெல்நெட் எல்லாவற்றையும் திறந்த கடிதமாக அனுப்பும், எஸ்எஸ்எச் பூட்டி அனுப்பும். பூட்டு என்றால் இரு பக்கமும் ஒரே வகைப் பூட்டுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எச் 2015-இலும் 2021-இலும் பழைய பலவீனமான பூட்டு வகைகளை இயல்பாக மறுக்கத் தொடங்கியது. சுவிட்ச் பத்து வருடமாக அதே இடத்தில் இருக்கும், ஸ்கிரிப்ட் ஓடும் சர்வரை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப்பிப்பார்கள், திங்கள் காலை பாதிச் சுவிட்சுகள் பேச மறுக்கும். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. பைத்தானிலும் இப்படி ஒன்று நடந்தது: 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் டெல்நெட் நூலகத்தையே எடுத்துவிட்டார்கள். சுவிட்சை மாற்றி வைத்தால் அதன் சாவி மாறி, 'இது பழைய ஆள் இல்லையே' என்று எஸ்எஸ்எச் எச்சரித்து நின்றுவிடுவதும் அடிக்கடி நடக்கும். அந்தச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழி எங்கும் கிடைக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எஸ்எஸ்எச் தரும் பாதுகாப்பில் அந்தச் சோதனையும் ஒரு பகுதி.

* * *

எங்கள் அலுவலகத்திலிருந்து மேற்கே நகரத்தைக் கடந்து போனால் பீனியா. இஸ்ரோவின் விண்கலத் தொடர்பு மையமான இஸ்ட்ராக் அங்கே இருக்கிறது. நகரத்துக்கு வெளியே, மைசூர் சாலைப் பக்கம் ப்யாலாலு கிராமத்தில் அதன் 32 மீட்டர் ஆன்டெனா. தூரத்துக் கன்சோலோடு பேசுவது என்றால் என்னவென்று உலகத்துக்கே பாடம் நடத்தக்கூடிய இடம் அது.

2014 செப்டம்பர் 24 காலை மங்கள்யான் விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்க வேண்டும். தூரம் 20 கோடி கிலோமீட்டருக்கு மேல். ஒளியின் வேகத்தில் போகும் கட்டளை அங்கே சேரவே சுமார் 12 நிமிடம், பதில் வர இன்னொரு 12 நிமிடம். எஞ்சின் எரிய வேண்டிய நேரமும் கிட்டத்தட்ட 24 நிமிடம்தான். பிராம்ப்ட் பார்த்து அடுத்த வரி அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. போதாததற்கு, எரியும்போதே கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் கட்டளைகளை நாட்கணக்கில் முன்கூட்டியே, ஒவ்வொன்றுக்கும் நிறைவேற்ற வேண்டிய நேரத்தைக் குறித்து அனுப்பி வைத்தார்கள். 300 நாள் போலத் தூங்கிய எஞ்சினை இரண்டு நாள் முன்பு, 22-ஆம் தேதி, சுமார் 4 விநாடி எரியவிட்டுச் சோதித்தார்கள். தூரத்துச் சாதனத்தை நம்புவதற்கு முன் அதனிடம் சின்னதாக ஒரு வேலை கொடுத்துப் பார்ப்பது. பெரிய மாற்றத்துக்கு முன் ஒரே சுவிட்சில் ஒரே கட்டளையை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொருவரும் அதைத்தான் செய்கிறார்கள்.

விண்கலத் தொடர்புக்கான உலகப் பொதுத் தரத்தில் ஒரு விஷயம் என்னை எப்போதும் ஈர்க்கும். கட்டளைத் தொகுதி தொடங்குகிறது என்பதைச் சொல்ல 16 பிட் கொண்ட ஒரு குறிப்பிட்ட கோலம் வைத்திருக்கிறார்கள். இரைச்சலில் தற்செயலாக அது உருவாகிவிடக்கூடாது என்று பார்த்துத் தேர்ந்த கோலம். கட்டளைச் சட்டங்களுக்கு வரிசை எண் உண்டு. ஒன்று தொலைந்தால் கலம் அடுத்ததை ஏற்காது, தொலைந்ததிலிருந்து மறுபடி அனுப்பு என்று சொல்லும். கட்டளை வந்தது வேறு, அது நிறைவேறியது வேறு என்று இரண்டையும் தனித்தனியே பார்ப்பார்கள். வால்வைத் திற என்று அனுப்பினால், வால்வு திறந்ததை அழுத்தத்தின் அளவில் பார்த்த பிறகே திறந்தது என்று எழுதுவார்கள். மறுமுனையில் கண்ணே இல்லை என்பதை முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டு கட்டிய மொழி அது. எங்கள் கன்சோல், கண் இருக்கிறது என்று நம்பிக் கட்டப்பட்டது. நடுவில் நாங்கள் கண்ணை எடுத்துவிட்டோம்.

நெட்வொர்க் துறையும் இதை உணராமல் இல்லை. 2002-இல் இணையத்தின் கட்டமைப்பாளர்களும் நெட்வொர்க்குகளை ஓட்டுகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். மனிதன் படிக்கும் உரையை இயந்திரம் படிப்பதால் வரும் தொல்லைகள் அங்கே வெளிப்படையாகவே பேசப்பட்டன. அதன் தொடர்ச்சியாக 2006-இல் நெட்கான்ஃப் வந்தது. அதில் கேள்விக்கு எண் உண்டு, பதிலில் அதே எண் திரும்ப வரும், பிழை என்றால் பிழை என்று பெயரிட்டு வரும். ஹேஷ் வேலிக்கு அங்கே இடமில்லை. வசதி இருக்கும் இடத்தில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் நெட்வொர்க் படுத்துவிட்ட நேரத்தில், முகவரியையே மாற்றும் நேரத்தில், புதுப் பெட்டியை முதன்முதலில் உயிர்ப்பிக்கும் நேரத்தில் கன்சோல்தான் மிஞ்சுகிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே காணாமல் போனது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு இணைப்புகளை எல்லாம் துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. உள்ளே போகும் வழிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் ஆட்களைத் தரவு மையங்களுக்கே நேரில் அனுப்ப வேண்டியிருந்தது.

அதனால் ஆபத்தான வேலைக்கு முன் திரும்பும் வழியை வைத்துவிட்டுத்தான் நாங்கள் தொடுவோம். சிஸ்கோ சுவிட்சில் 'பத்து நிமிடத்தில் ரீலோட் ஆகு' என்று முதலில் சொல்லிவைக்கலாம். வேலை நன்றாக முடிந்து நம்மால் உள்ளே போக முடிந்தால் அதை ரத்து செய்வோம். முடியாவிட்டால் சுவிட்ச் தானே எழுந்து பழைய கட்டமைப்போடு நிற்கும். ஜூனிப்பரில் இதையே ரீலோட் இல்லாமல், உறுதி செய்யாவிட்டால் பழையதுக்குத் திரும்பு என்று சொல்லலாம். அதற்கும் இயல்பான கெடு பத்து நிமிடம்.

தாவணகெரே சுவிட்சுக்குத் தம்பி அன்று பதினொரு மணிக்குத் திருத்திய ஸ்கிரிப்டை ஓட்டினான். இந்த முறை லாகின் முடிந்ததும் முதல் வேலையாகச் சுவிட்சிடம் அதன் சீரியல் எண்ணைக் கேட்டு, எங்கள் பட்டியலில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால்தான் மேலே போகும்படி எழுதியிருந்தான். எந்தப் பேனராலும் அந்த எண்ணைச் சொல்ல முடியாது. கடைசியில் வீலான் இருக்கிறதா என்று சுவிட்சையே கேட்டு, அது காட்டிய பிறகே பச்சை. நேரப் பத்தியில் 43 விநாடி என்று விழுந்தது. ஐந்து நிமிடத்தில் தாவணகெரேயிலிருந்து போன் வந்தது, புதுப் போனிலிருந்தே கூப்பிட்டிருந்தார்கள்.

"அண்ணா, பேனரைத் தூக்கிரலாமா?" என்று கேட்டான்.

கிளைகளில் அது இருக்கட்டும் என்றேன், தணிக்கைக்காரர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். எங்கள் சோதனை மேசையில் ஒரு பழைய சுவிட்ச் கிடந்தது. தம்பி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அதே பேனரை, 60 ஹேஷ் மேலே, 60 ஹேஷ் கீழே, அதில் ஏற்றினான். பெயரையும் நாற்பது எழுத்துக்கு நீட்டினான். புதிதாக யார் ஸ்கிரிப்ட் எழுதினாலும் இன்று முதலில் அந்தச் சுவிட்சோடு பேசியாக வேண்டும்.